பழைய எம்ஜிபி ஜிடி: சத்தத்தை அடைக்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி இது: திருவொற்றியூரில் ஒரு 1972 எம்ஜிபி ஜிடி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், நிற்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் உள்ளே தண்ணீர் ஏறிவிட்டது. கார்பெட்டில் அழுகல் நாற்றம், சீட்டில் உட்கார்ந்தால் பள்ளம், வேகம் எடுத்தால் பக்கத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருக்கிறது. குஷன் கடையில், “உள்ளே மொத்தத்துக்கும் டேம்பிங் ஷீட் ஒட்டி, மேலே ஃபோம் போட்டு, புது ரெக்சின் அடித்துத் தருகிறோம்” என்கிறார்கள். கொடுக்கலாமா?

இப்போது கொடுக்க வேண்டாம். கடைக்காரர் சொல்வதில் பொய் இல்லை, தகரத்தின் அதிர்வை அடக்கும் அந்த ஷீட் வேலை செய்யும். ஆனால் ஈரம் காயாத தகரத்தின்மேல் அதை ஒட்டினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுப் போட்ட மாதிரி. தரை அடியிலிருந்து அரித்துக்கொண்டே போகும், மேலே புதுக் கார்பெட் இருப்பதால் கண்ணுக்கும் தெரியாது. முதலில் தண்ணீர், பிறகு துரு, பிறகு ஓட்டைகள், பிறகு அதிர்வு. கனமான தடுப்பு, கார்பெட், சீட் எல்லாம் அதற்கப்புறம். இந்த வரிசையை மாற்றினால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டிவரும்.

கழற்றும்போது ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுத்துவிடுங்கள். திருகுகளை இடவாரியாகக் கவரில் போட்டு மேலே எழுதி வையுங்கள். அழுகிப்போன டோர் பேடையும் கிழிந்த கார்பெட்டையும் வேலை முடியும்வரை வெளியே எறியக் கூடாது, புதியதை வெட்ட அவைதான் அளவு. இந்த வண்டியின் போல்ட்டுகள் யுஎன்எஃப் என்ற அங்குல அளவு மரை. கால் அங்குல யுஎன்எஃப் துளையில் எம்6 போல்ட் லூசாக ஏறும், இறுக்கும்போது மரையைக் கடித்துவிடும். அங்குல ஸ்பானர் செட் இல்லாமல் தொடங்காதீர்கள். ஸ்டாண்டர்டு ஹெரால்டில் கை பழகிய பழைய மெக்கானிக் யாராவது கிடைத்தால் நல்லது, இந்த மரையெல்லாம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. அம்பாசடர் பார்த்தவர்களும் பரவாயில்லை. அதன் 1,489 சிசி என்ஜினும் எம்ஜிபியின் 1,798 சிசி என்ஜினும் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ் என்ற ஒரே குடும்பம்.

சீட்டுக்குப் பின்னால், தரை மூடிக்கு அடியில், இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருக்கும். முதல் வேலையாக எர்த் வயரைக் கழற்றி இரண்டையும் வெளியே எடுத்துவிடுங்கள். அந்தப் பெட்டிகளின் அடித்தகட்டில் ஆசிட் சொட்டி, மழைத் தண்ணீரும் சேர்ந்து ஓட்டை விழுந்திருப்பது இந்த வண்டிகளில் சகஜம்.

அடுத்து கழுவுவது. இதில் நம் பக்கத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. மீஞ்சூரிலிருந்து கடலோரமாக நிலத்தடியில் கடல்நீர் புகுந்திருப்பதால் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதில் கழுவினால் உப்பை எடுப்பதற்குப் பதில் உப்பைப் பூசுகிறோம். மெட்ரோ வாட்டரோ கேன் தண்ணீரோ வைத்துத்தான் கடைசிக் கழுவல். எண்ணூர், எர்ணாவூர் பக்கம் வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. அந்த மழையில் தண்ணீரோடு எண்ணெயும் கலந்து வந்தது. எண்ணெய்ப் படலத்தின்மேல் எந்த ஷீட்டும் நிற்காது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஷீட்டின் ஒட்டும் பாகமான பியூட்டைல் ரப்பர் ஊறி இளகிவிடும். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர், அப்புறம் டீகிரீசர், கடைசியாகத் தின்னர் நனைத்த வெள்ளைத் துணி என்று போய், துணியில் கறை வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும்.

தரையில் கம்பெனி ஒட்டிய தார் ஷீட் இருந்தால் மொத்தத்தையும் சுரண்ட வேண்டியதில்லை. திருப்புளியின் பிடியால் தட்டிப் பாருங்கள். ‘தொப்’ என்று அடங்கிய சத்தம் வந்தால் நன்றாகப் பிடித்திருக்கிறது, விடலாம். பொள்ளலாகக் கேட்டால் அடியில் காற்றும் துருவும் இருக்கிறது. ஹீட் கன் காட்டி, பட்டை உளியால் தூக்கிவிடுங்கள். பிறகு கூர்மையான ஸ்க்ரூடிரைவரால் தரையும் சில்லும் சேரும் ஓரம் முழுக்கக் குத்திப் பாருங்கள். எம்ஜிபிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, கதவுக்குக் கீழே ஓடும் சில்தான் வண்டியின் முதுகெலும்பு. அங்கே ஸ்க்ரூடிரைவர் உள்ளே போனால் இன்டீரியர் வேலையை நிறுத்திவிட்டு டிங்கரிடம் போக வேண்டும். எம்-சீல், ஃபைபர், பட்டி எதுவும் இந்த இடத்துக்கு உதவாது. தகரம் வெட்டி வெல்டிங்தான். எல்லா வெல்டிங்கும் ஷீட் ஒட்டும் முன் முடிந்திருக்க வேண்டும், பியூட்டைலும் ஃபோமும் ஒட்டிய தகரத்தில் வெல்டிங் வைத்தால் மறுபக்கம் தீப்பிடிக்கும்.

துருவைக் கம்பி பிரஷ்ஷாலும் எமரியாலும் எடுத்து, குழிகளுக்குப் பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துரு மாற்றி பூசி, டப்பாவில் சொன்னபடி கழுவிக் காய விடுங்கள். மேலே இரண்டு கோட் டூ-பேக் (இரண்டு டப்பா கலந்து அடிக்கும்) எபாக்சி பிரைமர். வழக்கமான ரெட் ஆக்சைடு இங்கே போதாது, கடல்காற்றில் அது ஈரத்தை உள்ளே விடும். தகர இணைப்புகளில் பியூ (பாலியூரித்தேன்) சீலர் இழுத்து, மேலே ஒரு கோட் பெயின்ட். பிப்ரவரி முதல் மே வரை இந்த வேலைக்கு நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் பிரைமர் அடித்தால் தகரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்து, பின்னால் பொரிப்பொரியாகக் கிளம்பும். பெயின்ட் காய்ந்த மாதிரி தெரிந்தாலும் ஒரு வாரம் திறந்தே விடுங்கள், உள்ளிருக்கும் தின்னர் வெளியேற வேண்டும்.

இனி தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது. மிக்ஜாமை விடுங்கள், சாதாரண மழையிலும் இந்த வண்டிக்குள் தண்ணீர் வர ஒரு பழைய வழி இருக்கிறது. கண்ணாடிக்கு முன்னால் காற்று போகும் கிரில்லுக்கு அடியில் ஒரு தகர அறை. அதில் விழும் மழைநீர் வடிய ஒரு ரப்பர் குழாய் கியர்பாக்ஸ் ஓரமாகக் கீழே இறங்கும். அந்தக் குழாய் இலை, மண்ணால் அடைத்தால் அறை நிரம்பி ஹீட்டர் வழியாகக் கால் வைக்கும் இடத்துக்கு வரும். குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்து, கிரில்லில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, கீழே அதே வேகத்தில் விழுகிறதா என்று பாருங்கள். கதவு, பின்கதவு, கண்ணாடி ரப்பர்களுக்கு ஒருவர் வெளியே ஹோஸ் பிடிக்க இன்னொருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார வேண்டும். உள்ளே ஓரங்களில் டால்கம் பவுடர் தூவி வைத்தால் தண்ணீர் ஓடிய தடம் கோடாகத் தெரியும். இந்தச் சோதனையில் தேறாத வண்டிக்குக் கார்பெட் வாங்குவது வீண்.

இப்போது சத்தத்துக்கு வருவோம். பலரும் பணத்தைத் தொலைப்பது இங்கேதான்.

ஒரு தடுப்பின் பரப்பில் 1 சதவீதம் திறந்திருந்தால், மீதியை எதைக் கொண்டு மூடினாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபெலைத் தாண்டாது. 0.1 சதவீதம் திறந்திருந்தால் வரம்பு 30. என்ஜினுக்கும் உங்கள் காலுக்கும் நடுவே உள்ள பல்க்ஹெட் சுமார் அரை சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 25 மி.மீ. விட்டமுள்ள ஒரே ஒரு கிராமெட் (துளையில் மாட்டும் ரப்பர் வளையம்) விழுந்து போயிருந்தால் அதுவே 0.1 சதவீதம். இந்த வயதில் ஒன்றா விழுந்திருக்கும்? ஸ்டீயரிங் காலம், ஸ்பீடோமீட்டர் கேபிள், ஆக்சிலரேட்டர், சோக், பானெட் கேபிள், ஹீட்டர் ஹோஸ்கள், மெயின் வயரிங் என்று வரிசையாக ரப்பர் வெடித்திருக்கும். இரவில் என்ஜின் பக்கம் ஒரு பல்பை எரியவிட்டு, உள்ளே இருட்டில் படுத்துப் பாருங்கள். வெளிச்சம் வரும் ஒவ்வொரு புள்ளியும் சத்தம் வரும் வழி, பெட்ரோல் வாடையும் சூடும் வரும் வழி. எல்லாவற்றுக்கும் இபிடிஎம் என்ற செயற்கை ரப்பரில் புது கிராமெட் போடுங்கள். தேவையற்ற பழைய துளைகளுக்குத் தகரம் வைத்து அடையுங்கள். சிலிக்கான் பயன்படுத்தினால் வினிகர் வாடை அடிக்கும் வகை வேண்டாம், அந்த அமிலம் தகரத்தை அரிக்கும். நியூட்ரல் வகையோ பியூ சீலரோ கேளுங்கள். கியர் லீவரைச் சுற்றி மேலே தெரியும் ரெக்சின் உறை அழகுக்குத்தான். அதன் அடியில் உள்ள ரப்பர் பூட்டும் தகடும்தான் சத்தத்தைத் தடுப்பவை, பெரும்பாலும் கிழிந்திருப்பதும் அதுதான்.

கதவுக்கு ஒரு துண்டு காகிதம் போதும். ரப்பருக்கும் பாடிக்கும் நடுவே வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். இழுபட்டு வந்தால் சரி, சும்மா வழுக்கி வந்தால் அந்த இடம் மூடவில்லை. தடிமனான பீடிங் வாங்கிவிட்டுக் கதவை உதைத்துச் சாத்துகிறவர்கள் உண்டு. முதலில் கதவின் கீலையும் பூட்டுக் கொக்கியையும் சரிக்கட்டுங்கள். பின்கதவு ரப்பரை இன்னும் கவனமாகப் பாருங்கள். ஓடும்போது வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் சைலன்சர் புகை அந்த இடுக்கு வழியே உள்ளே இழுக்கப்படும். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது.

டேம்பிங் ஷீட் சத்தத்தைத் தடுக்கும் பொருள் அல்ல. தகரம் அதிரும்போது அலுமினியத் தாளுக்கும் தகரத்துக்கும் நடுவே பியூட்டைல் இழுபட்டு, அதிர்வை வெப்பமாக மாற்றுகிறது, அவ்வளவுதான். அதனால் ஒரு தகரப் பரப்பின் நடுப்பகுதியில் 25 முதல் 50 சதவீதம் ஒட்டினாலே கிடைக்க வேண்டியதில் பெரும்பங்கு கிடைத்துவிடும். ஓரம் வரை மூடுவது கடைக்காரருக்கு லாபம், உங்களுக்குக் கனம். 2 மி.மீ. பியூட்டைல், 0.1 மி.மீ. அலுமினியம் இருக்கும் வகையில், ஜிடி முழுவதற்கும் சுமார் 3 சதுர மீட்டர், அதாவது 32 சதுர அடி, தாராளம். கூடும் எடை 10 முதல் 12 கிலோ.

மொட்டை மாடி ஒழுகலுக்கு விற்கும் அலுமினியத் தார் டேப்பை இதற்குப் பதிலாக வாங்குபவர்களும் இருக்கிறார்கள். அடியில் தார் வாசனை அடித்தால் அது பிட்டுமென். கத்திரி வெயிலில் நிற்கும் வண்டியின் கூரையில் அது இளகி, வழுக்கி, ஹெட்லைனிங்கில் (கூரையின் உள்பக்கத் துணியில்) கறை இறக்கும். நல்ல பியூட்டைலுக்கு வாடை கிட்டத்தட்ட இருக்காது. ஒரு துண்டைத் தகரத்தில் ஒட்டி, நண்பகலில் ஒரு நாள் வெயிலில் செங்குத்தாக நிறுத்திவிட்டு முடிவு செய்யலாம். ஒட்டும்போது சிறிய ஸ்டீல் ரோலரால், தாளில் உள்ள புடைப்புக் கோலம் தட்டையாகும்வரை அழுத்த வேண்டும். கையால் தடவினால் பிடித்த மாதிரி தெரியும், அடியில் காற்றுக்குமிழ் நிற்கும். வயரிங், பிரேக் குழாய், தரையின் ரப்பர் மூடிகள், கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகள் இவற்றின்மேல் ஒட்டக் கூடாது. கதவு வடிகால் அடைத்தால் இரண்டு பருவத்தில் கதவின் அடிப்பாகம் உதிரும்.

கனமான தடுப்பு எல்லா இடத்துக்கும் தேவையில்லை. பல்க்ஹெட், கியர்பாக்ஸ் டனல், முன் கால்தளம் ஆகிய மூன்றும் போதும், சுமார் 2 சதுர மீட்டர். தகரத்தின்மேல் நேரடியாக வேண்டாம், முதலில் 6 மி.மீ. க்ளோஸ்டு செல் ஃபோம், அதன்மேல் சதுர மீட்டருக்கு 5 கிலோ அளவிலான வினைல் பேரியர். நடுவில் உள்ள ஃபோம்தான் கனமான ஷீட்டைத் தகரத்தின் அதிர்விலிருந்து பிரிக்கிறது. ஃபோமுக்கு ஏசி டக்ட் வேலைக்காரர்கள் வாங்கும் கறுப்பு நைட்ரைல் ரப்பர் ஷீட் நன்றாகப் பொருந்தும், தண்ணீர் குடிக்காது, எளிதில் தீயும் பிடிக்காது. சந்தேகம் இருந்தால் ஒரு துண்டைத் தண்ணீரில் அழுத்திப் பிழியுங்கள். தண்ணீர் வந்தால் அது ஓப்பன் செல், தரைக்கு ஆகாது. பழைய டயர் அரைத்துச் செய்த மலிவு ரப்பர் மேட் வெயிலில் நாறும், அதையும் விட்டுவிடுங்கள். இந்தப் பேரியரைத் தரையில் ஒட்டவே வேண்டாம். அளவாக வெட்டிப் போட்டு, மழைக்குப் பின் தூக்கிப் பார்க்கும்படி வைத்தால் போதும். டனலில் கியர்பாக்ஸ் சூடு மேலே வரும் என்பதால் அலுமினியத் தாள் ஒட்டிய ஃபோம் நல்லது. முடிந்ததும் என்ஜினை அணைத்துவிட்டு, மூன்று பெடலையும் கடைசி வரை மிதித்துப் பாருங்கள். 10 மி.மீ. உயர்ந்த தரை ஆக்சிலரேட்டரின் கடைசிப் பங்கைச் சாப்பிட்டுவிடலாம், கார்பெட் மடிப்பில் பெடல் மாட்டிக்கொள்ளவும் கூடும்.

கூரைக்கு நடுவில் கொஞ்சம் டேம்பிங், மேலே 6 மி.மீ. ஃபோம். இங்கே சத்தத்தைவிட வெயில்தான் காரணம். ஹெட்லைனிங் துணிக்குச் சூடு தாங்கும் பசை கட்டாயம், சாதாரணச் சொல்யூஷன் மே மாதத்தில் விட்டு, துணி தலையில் தொங்கும்.

இத்தனையும் செய்த பிறகும் நெடுஞ்சாலையில் இரைச்சல் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். நாலாவது கியரில் மணிக்கு 100 கி.மீ. போக இந்த என்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 3,500 சுற்று சுற்றுகிறது. ஓவர்டிரைவ் (என்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) வேலை செய்தால் அது 2,900க்குப் பக்கத்தில் இறங்கும். ஓவர்டிரைவ் இருந்தும் வயர் அறுந்து சும்மா கிடக்கும் வண்டிகள் உண்டு. அதைச் சரிசெய்வது எந்த ஃபோமைவிடவும் காதுக்கு நல்லது. என்ஜின் மவுன்ட், கியர்பாக்ஸ் மவுன்ட், சைலன்சரைத் தாங்கும் ரப்பர்கள், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸ் எல்லாம் பார்த்த பிறகே மிச்சச் சத்தத்தைப் பற்றிப் பேசலாம். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போகும்போது கேட்பதை வண்டியின் கணக்கில் எழுதாதீர்கள். அளக்க வேண்டுமானால் ஞாயிறு காலையில், ஒரே சாலையில், ஒரே வேகத்தில், கண்ணாடி ஏற்றி, போனைத் தலைச்சாய்ப்பு உயரத்தில் வைத்து, வேலைக்கு முன்னும் பின்னும் அளவு எடுங்கள். போன் ஆப் காட்டும் எண் துல்லியமல்ல, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நம்பக்கூடியது.

டோர் பேடுக்கு மறுபடியும் ஹார்ட்போர்டு வேண்டாம். 3 மி.மீ. மரைன் பிளை வெட்டி, விளிம்புக்கும் கிளிப் துளைகளுக்கும் இரண்டு கோட் வார்னிஷ் அடித்த பின் ரெக்சின் இழுங்கள். கதவுத் தகரத்துக்கும் பேடுக்கும் நடுவே கெட்டியான பாலித்தீன் ஷீட் கட்டாயம், அதன் கீழ்முனை கதவின் உள்பக்கமாக மடிந்திருக்க வேண்டும். கண்ணாடி வழியே இறங்கும் தண்ணீர் பேடில் படாமல் திரும்பிப் போக அதுதான் வழி. குஷன் கடைகளில் பத்துக்கு எட்டு பேர் இதைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திருப்பி வைக்க மறந்துவிடுவார்கள். கூடவே நின்று கேளுங்கள்.

கார்பெட்டுக்குச் சணல் அடிப்பாகம் வேண்டாம், நைலான் லூப் போதும். சில், டனல் மீது ஒட்டலாம். கால்தளத்தில் மட்டும் பிரஸ் பட்டன் வைத்து எடுக்கும்படி விடுங்கள். ஒட்டுவதற்கு ஃபெவிகால் எஸ்ஆர் 998 போன்ற ரப்பர் பசை, இரண்டு பக்கமும் பூசி, விரல் வைத்தால் ஒட்டாத அளவு காய்ந்த பின்தான் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டால் ஓரம் கிளம்பும். கதவைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள், பக்கத்தில் பீடி கூடாது.

சீட்டில் பள்ளம் விழுவதற்கு ஃபோமைவிட அதன் அடியில் கொக்கிகளில் மாட்டியிருக்கும் ரப்பர் விரிப்புத்தான் பெரும்பாலும் காரணம். அது கிழிந்திருந்தால் மேலே எவ்வளவு ஃபோம் ஏற்றினாலும் உட்காரும். புது ரப்பர் விரிப்பு வரவழைக்க முடியாவிட்டால் சோபாவுக்குப் போடும் எலாஸ்டிக் பெல்ட்டை நெருக்கமாகப் பின்னலாம். உட்காரும் பாகத்துக்கு 40 டென்சிட்டி, சாய்மானத்துக்கு 32 டென்சிட்டி ஃபோம். தூள் ஒட்டிச் செய்த ரீபாண்டட் ஃபோமைக் குஷன் கடைகள் விரும்பித் தருவார்கள், கல் மாதிரி இருக்கும், இந்தத் தாழ்ந்த சீட்டில் முதுகைப் பதம் பார்த்துவிடும்.

தோலுக்குப் பெரியமேடு இருக்கிறது, ஆனால் அங்கே பெரும்பாலும் செருப்பு, பை, சட்டைத் தோல்தான் முதலில் காட்டுவார்கள். அப்ஹோல்ஸ்டரி தோல், 1.1 முதல் 1.3 மி.மீ. தடிமன், மேலே பூச்சு உள்ளது என்று சொல்லிக் கேளுங்கள். முழுத் தோலாகப் போட்டால் முன் சீட் ஒன்றுக்கு, வெட்டுக்கழிவு சேர்த்து, 25 முதல் 30 சதுர அடி ஆகும். உட்காரும், சாயும் முகப்புக்கு மட்டும் தோல், பக்கங்களுக்கும் பின்புறத்துக்கும் அதே நிறத்தில் ரெக்சின் போதும், அந்தக் காலத்துத் தோல் சீட்டுகளே அப்படித்தான். நூல் பாலியஸ்டர், தையல் இடைவெளி 4 மி.மீ. நெருக்கித் தைத்தால் தோல் தபால்தலை ஓரம் மாதிரி கிழியும். பழைய உறையைப் பிரித்து இஸ்திரி போட்டு, அதையே பேட்டர்னாக வைத்து வெட்டச் சொல்லுங்கள். வண்டியை மூடியே நிறுத்தினால் மழைக்காலத்தில் தோலில் பூஞ்சை வெள்ளையாகப் பூக்கும். பாலித்தீன் கவர் போட்டு மூடாமல் காற்று போகும் பருத்தித் துணிக் கவர் போடுங்கள்.

சீட் பெல்ட் போல்ட்டுகள் 7/16 அங்குல யுஎன்எஃப். கார்பெட்டும் ஃபோமும் தடித்த பின் பழைய போல்ட் போதுமான அளவு மரையில் ஏறாமல் போகலாம். அந்த இடத்தில் ஃபோமை வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு, உலோகத்தோடு உலோகம் உட்காரும்படி ஸ்பேசர் வைத்து இறுக்குங்கள். வெள்ளத்தில் ஊறிய பெல்ட் நாடாவைச் சாயம் போட்டு மீட்க முயல வேண்டாம், புதிதே போடுங்கள்.

1972 வண்டி என்பதால் 2021இல் வந்த விதிகளின்படி ‘விஏ’ வின்டேஜ் பதிவு கேட்க நினைக்கலாம். முதல் பதிவாகி 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும், பாடியையோ சேஸிஸையோ என்ஜினையோ பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. ஸ்பீக்கருக்காகக் கதவுத் தகரத்தையும் ஏசிக்காகப் பல்க்ஹெட்டையும் வெட்டலாமா என்று கடையில் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வின்டேஜ் பதிவு வாங்கிய வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்ட முடியாது, ராலி, கண்காட்சி, பெட்ரோல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான். தினமும் ஓட்டுவதுதான் எண்ணம் என்றால் அந்தப் பதிவுக்குப் போகாமல், இருக்கிற ஆர்சியைப் புதுப்பித்துக்கொள்ளும் வழியைத் உங்கள் பகுதி ஆர்டிஓ அலுவலகத்தில் முதலிலேயே விசாரித்துவிட்டு உள்வேலைக்குப் பணத்தை இறக்குங்கள்.